உமாதேவி சொல்லாத ஐந்து நாட்கள்

டிசி வாங்கப் போன அன்று கல்லூரி அலுவலகத்து கிளார்க் உமாதேவியிடம் மூன்று முறை கேட்டார்.

"யோசிச்சுத்தான் எழுதிக் குடுத்தியாம்மா?"

மூன்று முறையும் அவள் தலையாட்டினாள். பி.காம். இரண்டாம் ஆண்டு பாதியில் நின்றது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் அது. காலைப் பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு வருத்தமாக இல்லை. பத்தொன்பது வயது. ஆறடி ஒன்றரை அங்குலம். எதிரணிக்காரி எறியும் பந்தைக் காற்றிலேயே தட்டிவிட அவளைப்போல மைசூரில் இன்னொருத்தி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பெங்களூரில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஒன்று தொடங்கவிருந்தது. ஆறு அணிகள். செப்டம்பர் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டிராஃப்ட். அதாவது, பதிவு செய்த வீராங்கனைகளிலிருந்து அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். நான்கு சுற்று, இருபத்துநான்கு பெயர். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் பதிய முடியாது என்பது லீக்கின் விதி. பல்கலைக்கழகப் போட்டி என்று யாரும் நடுவில் கிளம்பிப் போய்விடக்கூடாதாம்.

"அடுத்த வருஷம் வரேன்னு சொல்லிடு," என்றார் உடற்கல்வி இயக்குநர் கேசவமூர்த்தி. மேலுகோட்டை ஐயங்கார் குடும்பம், கல்லூரியில் தமிழ் பேசுவதற்கு அவளுக்கு இருந்த ஒரே ஆசிரியர். "டிகிரி முடிச்சா ரயில்வேல எடுப்பா. அது காலத்துக்கும் இருக்கிற வேலை. லீக்லாம் ரெண்டு வருஷம் நடக்கும், மூணாவது வருஷம் யாருமே இருக்க மாட்டா. அதுவும் இல்லாம நவம்பர்ல நமக்கு மேட்ச் இருக்கு. நீ இல்லாம நான் யாரை வெச்சுண்டு ஆடறது?"

கடைசி வாக்கியம்தான் உமாவின் காதில் தங்கியது. தன் அணிக்காகத்தான் இவர் தடுக்கிறார் என்று முடிவுகட்டினாள்.

பவன் வேறு மாதிரிப் பேசினான். அவன் அந்த ஆறு அணிகளில் ஒன்றுக்கு ஆட்களைத் தேடிக் கொடுப்பவன். மண்டியாவில் நடந்த ஒரு போட்டியில் அவளைப் பார்த்ததிலிருந்து தினமும் போன் செய்தான்.

"இந்த வருஷம் நீ வரலேன்னா அடுத்த வருஷம் உன்னைவிட ரெண்டு இஞ்ச் உயரமா ஒருத்தி வருவா, உமா. அப்ப உன் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது."

ஒரு விளையாட்டு இணையதளம் யார் யார் எந்த வரிசையில் போவார்கள் என்று ஊகித்து ஒரு பட்டியல் போட்டது. உமாதேவி, மைசூரு, முதல் சுற்று, நான்காவது. தங்கை ஸ்வாதி அதைப் படமெடுத்துத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். ஸ்வாதிக்குப் பதினைந்து வயது. அவளும் வளர்ந்துகொண்டே போனாள். பள்ளி அணியில் இந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள்.

அப்பா காளியப்பன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். எல்லையோரத் தமிழ்க் கிராமமான கோபிநத்தத்திலிருந்து இருபத்தாறு வருடம் முன்பு மைசூருக்கு வந்தவர். ஒல்லியாக, ஆறடி மூன்றங்குலம். கூட வேலை செய்பவர்கள் ஏணி போடும் இடத்தில் அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார். அம்மா சுந்தராம்பாள் பெண்கள் விடுதி ஒன்றின் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறாள். மேட்டகள்ளியில் இரண்டு அறை வாடகை வீடு. டிசி வாங்கிவிட்டதாக உமா வந்து சொன்னபோது அம்மா அதை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தாள். அப்பா சிரித்தார்.

"என்ற புள்ள டிவில வரப்போகுது. படிச்சவன் எத்தனை பேரு டிவில வர்றான்?"

டிராஃப்டுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் பெங்களூரில் உடல்தேர்வு. முதல் நாள் உயரம், எடை, எம்பும் உயரம், ஓட்டம் எல்லாம் அளந்தார்கள். சுவரோடு நிற்க வைத்துக் கைகளை விரிக்கச் சொன்னார்கள். அளவு நாடாவைப் பிடித்திருந்தவன் எண்ணை உரக்கச் சொன்னான், "நூத்தித் தொண்ணூத்தொம்பது." உயரத்தைவிடப் பதின்மூன்று சென்டிமீட்டர் அதிகம். மேசையில் இருந்த பயிற்சியாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்து வந்து அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு, சந்தோஷத்தில்.

மறுநாள் இதயப் பரிசோதனை. நெஞ்சில் குளிர்ந்த ஜெல் தடவிக் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டிருந்த பெண் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அதே இடத்துக்கு மறுபடி மறுபடி வந்தாள். பிறகு எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் சுலோசனா திரையைப் பார்த்தார், அளந்தார், இன்னொரு முறை அளந்தார். உமாவை எழுந்து உட்காரச் சொல்லி, ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கையால் வளைத்துப் பிடிக்கச் சொன்னார். உமாவின் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தாண்டி மேலேறி நின்றது.

"வீட்டில வேற யாரு இந்த மாதிரி உயரம்?"

"அப்பாவுங்க. தங்கச்சியும்."

"அப்பா வழியில யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"பெரியப்பா. அய்யாவுன்னு பேரு. நான் பொறக்கறதுக்கு முந்தியே. மூட்டை எறக்கும்போது நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம். முப்பத்தாறு வயசு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் உனக்கு விரிஞ்சிருக்கு. நாலு புள்ளி நாலு சென்டிமீட்டர். உன் வயசுக்கு மூணுதான் இருக்கணும். விரிய விரிய மெலிஞ்சுட்டே போகும். வேகமா ஓடி எம்பும்போது கிழிஞ்சா, ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து சேர முடியாது. மார்ஃபன் நோய்னு பேரு, பரம்பரையா வர்றது. உன் உயரம், இந்தக் கை நீளம் எல்லாமே அதுல சேர்ந்ததுதான்."

"எப்போலேருந்து ஆடலாங்க?"

"ஆடக்கூடாது. இனிமே ஆடவே கூடாது. மாத்திரை எழுதித் தர்றேன். ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஸ்கேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் இப்ப சொல்றது உன்னைப் பத்தி இல்லை. உங்கப்பாவுக்கு இதே ஸ்கேன் எடுக்கணும். தங்கச்சிக்கும். இந்த வாரமே எடுக்கணும். மைசூர் அரசு இதய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர்றேன். புரியுதா?"

"புரியுதுங்க."

புரிந்தது. ரயிலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "எல்லாம் அளந்தாங்களா?" என்று கேட்டார். "அளந்தாங்க," என்றாள். "கை நீளம் பாத்து எந்திரிச்சு வந்துட்டாங்க." கடிதம் பைக்குள்ளேயே இருந்தது.

புதன்கிழமை காலை பவன் போன் செய்தான். அவனுக்கு விஷயம் போயிருந்தது.

"பயப்படாதே. இன்னும் லிஸ்ட்லேருந்து உன் பேரை எடுக்கலை. சனிக்கிழமைக்குள்ள வேற ஒரு டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் வாங்கி அனுப்பு. ஈசிஜி மட்டும் எடுத்தாப் போதும். நான் லீக் கமிட்டியில பேசுறேன்."

அந்தப் போன்தான் அவளை வாய்மூட வைத்தது. டாக்டர் தவறாக அளந்திருக்கலாம். சனிக்கிழமை எல்லாம் சரியாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் அப்பாவை நிதானமாக ஸ்கேனுக்குக் கூட்டிப்போகலாம். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதவருக்கு இந்த நாலைந்து நாளில் என்ன ஆகிவிடும்? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போனாள். தசராவுக்கு முன்பு ஊர் முழுக்க வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். காளியப்பனுக்கு ஓயாத வேலை. விஜயநகரில் ஒரு மூன்று மாடி வீட்டின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து ரோலரை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். உமா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கி வந்தார்.

"என்ன கண்ணு, மொகமெல்லாம் இப்படிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. அப்பா, நீங்க... உங்களுக்கு நெஞ்சு கிஞ்சு வலிக்குமாங்க?"

"எனக்கெதுக்கு வலிக்குது?" டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்தார். "இந்த வீட்டு ஓனர்கிட்டச் சொல்லியிருக்கறேன். ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு என்ற புள்ள பேரு வரும், பாருங்கன்னு."

வெள்ளிக்கிழமை அவள் ஒரு கிளினிக்குக்குப் போனாள். ஸ்கேன் எடுத்ததை மறைத்தாள். ஈசிஜி பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர் விளையாடத் தகுதியானவள் என்று எழுதிக் கொடுத்தார். பவனுக்கு அனுப்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவனிடமிருந்து பதில் வந்தது: "கமிட்டி ஒத்துக்கலை. லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துட்டாங்க. சாரி உமா." உடனே அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தாள். அப்பா தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா விடுதியில் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் வந்திருந்தாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மல்லம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் காரப்பொரி கலந்து எடுத்துவந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஸ்வாதி போனில் டிராஃப்ட் நேரலையைப் போட்டு, பருப்பு டப்பாவில் சாய்த்து நிற்க வைத்தாள். நேரம் ஓடி மூன்று மணி ஆகிவிட்டது.

முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. "அடுத்தது அக்கா," என்றாள் ஸ்வாதி. நான்காவதாகக் கோட்டயத்துப் பெண் ஒருத்தியின் பெயரைப் படித்தார்கள். அவள் மேடையேறித் தன்னை எடுத்த அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "அஞ்சாவதா இருக்கும்," என்றார் அப்பா. ஐந்தும் போனது, ஆறும் போனது. இரண்டாவது சுற்று தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கு முன்பும் அம்மாவின் உதடு அசைந்தது. உமா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எழுந்து அந்தப் போனை அணைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள், முடியவில்லை. மூன்றாவது சுற்று தொடங்கும்போது மல்லம்மா, "பாலு அடுப்பில இட்டு வந்திருந்தேன்," என்று எழுந்துகொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இருபத்துநான்காவது பெயர் முடியும்போது அறையில் அவர்கள் நான்கு பேரும் பொரிப் பாத்திரமும்தான் மிச்சம்.

அப்பா எழுந்து வந்து அவள் அருகில் உட்கார்ந்தார். அவள் தலையில் கையை வைத்தார்.

"உடு கண்ணு. அவனுகளுக்கு ஆளுப் பாக்கத் தெரியல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"எனக்கு நோவு இருக்குதுங்கப்பா," என்றாள் உமா. "அதான் எடுக்கல. நெஞ்சுல. அது உங்ககிட்டேருந்து வந்ததுங்க. உங்களுக்கும் இருக்கும்னு சொல்றாங்க. பெரியப்பாவுக்கும் அதுதானாம்."

கை அவள் தலையிலிருந்து நகரவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எப்பச் சொன்னாங்க இதை?" என்றாள் அம்மா.

"நேத்து. போன்ல."

"ஒரு காயிதம் கீயிதம் குடுத்தாங்களா?"

உமா பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஸ்வாதி வாங்கிப் படித்தாள். மேலே இரண்டாம் தேதி என்று போட்டிருந்தது. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு தேதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தமிழில் சொன்னாள்.

திங்கட்கிழமை மைசூர் இதய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு புள்ளி ஒன்று. அங்கிருந்த டாக்டர் அவரை உடனே படுக்கையில் உட்காரச் சொன்னார், நடந்து வந்தவரைச் சக்கர நாற்காலியில் அடுத்த அறைக்கு அனுப்பினார். அறுவைச் சிகிச்சைதான் வழி. குழாயின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு வேறொன்று பொருத்த வேண்டும். வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை, வெளியூரிலிருந்து வரும் சர்ஜன் அதைச் செய்வார். யாருக்கு எந்தப் புதன் என்று வியாழக்கிழமைகளில் முடிவாகும். வியாழக்கிழமை உமா போய் வரிசையில் நின்றாள். நஞ்சம்மா என்ற நர்ஸ் பெரிய நோட்டைப் பார்த்து, இருபத்துநான்காம் தேதி என்று கன்னடத்தில் சொன்னாள்.

"அதுக்கு முந்தி கிடைக்காதா சிஸ்டர்?"

"பதினேழாம் தேதி நிறைஞ்சு போச்சும்மா. போன வியாழன் வந்திருந்தா அதுல ஒரு இடம் காலியா இருந்தது. அதுவும் இப்ப இல்லை." எந்தக் குற்றமும் சொல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஸ்வாதிக்கு அக்டோபரில் ஸ்கேன் தேதி கொடுத்தார்கள். அதுவரை விளையாடக் கூடாது என்றார்கள்.

அப்பாவிடம் எதையும் தூக்கக் கூடாது, ஏறக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் வீட்டிலேயே இருந்தார். அவருக்கு உட்காரத் தெரியவில்லை. வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். மல்லம்மாவின் ஜன்னல்களுக்கு அடித்தார். இருபதாம் தேதி, சனிக்கிழமை காலை, விஜயநகர் வீட்டிலிருந்து போன் வந்தது. பாதியில் விட்ட சுவருக்குப் புதிதாக வந்த ஆள் கலக்கிய நிறம் சேரவில்லையாம்.

"போய்க் கலக்கிக் குடுத்துட்டு வந்தர்றேன். அரை மணி நேரம்."

"போவேண்டாங்க," என்றாள் உமா. "அவங்களே கலக்கிக்கட்டும்."

"கையில குச்சி புடிச்சுக் கலக்கறதுல என்ன ஆவுது? நீயும் வா, பாத்துக்க."

அவளும் போனாள். அவர் குனிந்து உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக மஞ்சளை விட்டு, சுவரில் தடவிப் பார்த்து, மறுபடி விட்டுக் கலக்கினார். நிறம் சேர்ந்தது. உமா பையை எடுக்கத் திரும்பினாள். புதிய ஆள் மாடியில் இருந்தான். வாளியைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான். காளியப்பன் யோசிக்காமல் இருபது லிட்டர் வாளியைத் தூக்கி நான்கு படி ஏறினார். ஐந்தாவது படியில் வாளியைக் கவனமாகக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். உமா ஓடிப்போய்ப் பிடித்தபோது, "முதுகு கண்ணு, முதுகு," என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது.

காரியம் முடிந்த வாரம் கேசவமூர்த்தி வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் விளிம்போடு உட்கார்ந்து, இந்த வருடத்துக்கு இடம் நிரம்பிவிட்டது, தபால்வழியில் சேர ஏற்பாடு செய்கிறேன் என்றார். "நான் ஒன்னை இன்னும் கொஞ்சம் தடுத்திருக்கணும்," என்றார்.

"நீங்க தடுத்திருந்தா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது சார்," என்றாள் உமா. அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஸ்வாதி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே கிண்ணத்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள், பேச்சில்லை. விளையாட விடாத கோபம் என்று அம்மா நினைத்தாள். ஒருநாள் மாலை துணி மடித்துக்கொண்டே, "அவகிட்ட நீதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்," என்றாள்.

உமா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அவ அதுக்குப் பேசாம இல்லம்மா." இரண்டாம் தேதியைச் சொன்னாள். பவனைச் சொன்னாள், கிளினிக்கைச் சொன்னாள். நஞ்சம்மா சொன்ன பதினேழாம் தேதியையும் சொன்னாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பாவுக்குப் புதன்கெழமையே ஆபரேசன் ஆயிருக்கும். சனிக்கெழமை ஆஸ்பத்திரியில இருந்திருப்பாரு."

சுந்தராம்பாள் அந்தத் துண்டை எடுத்து மடித்தாள்.

"அந்தப் பலகையில அவரு தொங்கிட்டிருந்தப்ப, நீ கீழ நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுதான் பாத்தியா?"

"தெரிஞ்சுதாம்மா."

அம்மா மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடிக்கவில்லை, அழவில்லை. எட்டு நாள் உமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் தட்டில் சோறு இருக்கும், பக்கத்தில் அவளுடைய மாத்திரையும் இருக்கும். அவ்வளவுதான். அந்த எட்டு நாளில் உமா இரண்டு முறை செத்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு முறையும் ஸ்வாதியின் ஸ்கேன் தேதி நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"இன்னிக்கு ஸ்வாதிக்கு ஆஸ்பத்திரி. நான் லீவு கேட்டாக் குடுக்க மாட்டாங்க. நீ கூட்டிட்டுப் போ. என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அங்கிருந்தே எனக்குச் சொல்லோணும்."

மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். ஸ்வாதி உள்ளே போகும்போது காதில் போட்டிருந்த தோட்டைக் கழற்றி, பேசாமல் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மூன்று புள்ளி ஆறு. அவளுக்கும் இருக்கிறது, ஆனால் ஆரம்பம். இன்றிலிருந்தே மாத்திரை, ஓட்டமும் விளையாட்டும் கிடையாது, ஏப்ரலில் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

உமா நடைபாதையில் நின்றபடியே போன் செய்தாள். மெஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது.

"அம்மா, அவளுக்கும் இருக்குது. மூணு புள்ளி ஆறு."

"என்ன? மறுபடி சொல்லு."

"மூணு. அப்புறம் புள்ளி. அப்புறம் ஆறு."

"மூணு, ஆறு," என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "உனக்கு நாலு, நாலு." பின்னால் யாரோ சப்பாத்தி கேட்டுக் கூப்பிட்டார்கள். "சரி. ரெண்டு பேரும் ஏதாச்சும் சாப்புட்டுட்டு பஸ் ஏறுங்க. நடந்து வர வேண்டாம்."